கைக்குத் தெரிந்தது

பெரியம்மாவுக்கு என் பெயர் மறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. "தம்பி யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார். உங்க தங்கச்சி மகன் என்று சொன்னால், "அவளுக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு?" என்று அடுத்த கேள்வி வரும்.

நேற்று சாயங்காலம் பூக்காரம்மா கால் கிலோ உதிரி மல்லி கொடுத்துவிட்டுப் போனார். மனைவி ஊரில் இல்லை, கட்ட ஆள் கிடையாது. ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. வாசலில் வந்து நின்றார், வாங்கிவிட்டேன். தட்டில் கொட்டிக் கூடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் தட்டு பெரியம்மா மடியில் இருக்கிறது. வாழைநாரை நனைத்து, நகத்தால் கிழித்து, இடது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிடித்துக்கொண்டு, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர நாரை ஒரு சுற்று, ஒரு முடிச்சு, ஒரு இழுப்பு. விரல்களுக்கு மட்டும் இருபது வயசு.

"நல்லாக் கட்டுறீங்களே பெரியம்மா."

"எனக்கு எங்கப்பா கட்டத் தெரியும்? எங்கம்மாதான் கட்டுவாங்க."

சொல்லிக்கொண்டே அடுத்த நாலு பூவை வைத்து இழுத்தார்.

இதை எழுதிவைக்கத்தான், அலமாரியில் கிடந்த என் பழைய நோட்டை மறுபடி எடுத்தேன்.

*

மனம் பற்றித் தமிழில் கட்டுரை என்றால் பனிப்பாறையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஏதோ சட்டம் இருக்கிறது போல. தண்ணீருக்கு மேலே கொஞ்சம், கீழே மிச்சம், கீழே இருப்பது ஆழ்மனம், சொன்னவர் ஃப்ராய்ட். நானும் ஒருகாலத்தில் அப்படி ஒன்று எழுதிக் காசு வாங்கியிருக்கிறேன். ஃப்ராய்டின் புத்தகங்களில் தேடினால் அந்தப் பனிப்பாறை கிடையாது. பின்னால் வந்தவர்கள் அவர் தலையில் ஏற்றிவிட்டது.

அவர் உண்மையில் சொன்ன படங்கள் இன்னும் வீட்டுப்பாங்கானவை. 1916-17இல் வியன்னாவில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், ஒரு பெரிய முன்கூடம், அதையொட்டி ஒரு சின்ன வரவேற்பறை, நடுவாசலில் ஒரு காவல்காரன் என்று வைக்கிறார். முன்கூடத்தில் எண்ணங்கள் கும்பலாக இடித்துக்கொண்டு நிற்கின்றன. காவல்காரன் ஆள் பார்த்து உள்ளே விடுகிறான். சிலரை நடையிலிருந்தே திருப்பி அனுப்புகிறான். உள்ளே போனாலும் அறையின் கடைசியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் பட வேண்டும். பட்டால்தான் 'எனக்குத் தோன்றியது' என்று நாம் சொல்ல முடியும். கல்யாண மண்டப வாசலில் பெண் வீட்டார் பன்னீர் தெளித்து நிற்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொரு படம் எனக்கு அதைவிடப் பிடித்தது. மேஜிக் சிலேட். சித்திரைத் திருவிழாக் கடைகளில் விற்குமே, குச்சியால் எழுதிவிட்டு மேல்தாளைச் 'சர்ர்' என்று தூக்கினால் எல்லாம் அழிந்துபோகும், அதுவேதான். 1925இல் ஃப்ராய்ட் இந்த விளையாட்டுச் சாமானைப் பற்றி ஒரு சிறு கட்டுரையே வெளியிட்டார். மேலே செல்லுலாய்டு, நடுவில் மெழுகுத் தாள், அடியில் மெழுகுப் பலகை. தாளைத் தூக்கினால் எழுத்து போய்விடுகிறது; ஆனால் அடிப்பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் இதுவரை எழுதின எல்லாவற்றின் கீறலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. சிறு வயதில் நான் ஒன்றைப் பிரித்துப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். அடியில் கறுப்பாக, பிசுபிசுப்பாக, என் அக்காவின் பெயர் நூறு தடவை இருந்தது. சிலேட்டு அவளுடையது.

*

பெரியம்மாவின் விரல்களைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தவர் ஹென்றி மொலேசன். சாகும்வரை எச்.எம். என்ற இரண்டு எழுத்தாகவே உலகத்துக்குத் தெரிந்தவர்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துக்காரர், 1926இல் பிறந்தவர். சின்ன வயதிலிருந்து வலிப்பு. வளர வளர அது முற்றி, வேலை பார்க்க முடியாத நிலை. 1953இல், அவருக்கு 27 வயதானபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் இரண்டு பொட்டுக்கும் உட்புறம் உள்ள மூளைப் பகுதியை, ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி உட்பட, உறிஞ்சி எடுத்துவிட்டார். வலிப்பு மட்டுப்பட்டது. ஆனால் அன்றிலிருந்து மொலேசனுக்குப் புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால் புது ஆள். சிறு வயது நினைவுகள், பேச்சு, புத்திக்கூர்மை எல்லாம் அப்படியே இருந்தன. குறுக்கெழுத்து என்றால் உயிர். மரியாதையான மனிதர், சின்னச் சின்ன நகைச்சுவை செய்வார்.

மாண்ட்ரியாலிலிருந்து பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் ரயிலேறி வந்து இவரைச் சோதிப்பார். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து அறிமுகம். ஒருமுறை நட்சத்திரம் ஒன்றைக் கொடுத்தார். கோட்டுக்குள் கோடாக இரட்டை விளிம்பு போட்ட நட்சத்திரம். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும். கையை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் பார்த்துத்தான் வரைய வேண்டும். செய்து பார்த்தால் தெரியும், மூலை திரும்பும்போது கை எதிர்ப்பக்கம் ஓடும். (நான் முகம் பார்க்கும் கண்ணாடியை மேஜைமேல் நிறுத்திச் செய்து பார்த்தேன். நட்சத்திரம் நண்டு மாதிரி வந்தது.) மொலேசன் மூன்று நாள், முப்பது தடவை வரைந்தார். ஒவ்வொரு நாளும் உட்காரும்போது இதற்குமுன் செய்ததாக அவருக்குத் துளி ஞாபகம் இல்லை. ஆனால் தப்பு குறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் நாள் கோடு வழுவாமல் போனது. அவருக்கே ஆச்சரியம்: கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன், நன்றாகத்தான் செய்திருக்கிறேன் போலிருக்கிறதே என்கிற மாதிரிச் சொன்னார்.

இந்த ஒரு இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மேலே போக முடிவதில்லை. நினைவு என்று ஒரே ஒரு பெட்டி இல்லை என்பதற்கு இதுதான் முதல் கெட்டியான சாட்சி என்று பாடப்புத்தகம் சொல்கிறது, சரி. எனக்கு அந்த ஆச்சரியம்தான் முக்கியம். கற்றுக்கொண்டவர் யார்? அவருக்குள் ஒருவர் மூன்று நாளாகப் பாடம் படித்துத் தேறிவிட்டார். மொலேசனுக்கே அவரைத் தெரியாது.

2008இல் 82 வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு சான் டியாகோவில் அவருடைய மூளையை உறையவைத்து 2,401 சீவலாகச் சீவினார்கள், தலைமுடிப் பருமனுக்கு. சீவுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். தன்னைப் பார்க்க யார் வந்தார் என்று கடைசிவரை சொல்லத் தெரியாதவர்.

*

"மனசு கேட்கலை." எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம். கேட்காதது யார், யார் பேச்சை? அந்த இரண்டு பேரில் நான் எவன்?

"வாய் தவறி வந்துடுச்சு", "கை தானாப் போயிடுச்சு", "கால் இழுத்துட்டு வந்துடுச்சு", "என்னையறியாம சிரிச்சிட்டேன்." தமிழ் பேசுகிற எவனும் தான் ஒரே ஆள் என்று ஒருநாளும் நம்பியதில்லை போலிருக்கிறது.

*

ஜெனிவாவில் எட்வார்ட் க்ளாபரேட் என்ற மருத்துவர். அவரிடம் ஒரு பெண் நோயாளி, மொலேசனைப் போலவே எதுவும் மனதில் தங்காதவர். தினமும் வந்து வணக்கம் சொல்லிக் கைகொடுத்தால், தினமும் புதிதாகப் பார்ப்பதுபோல் கை குலுக்குவார். ஒருநாள் க்ளாபரேட் விரலிடுக்கில் குண்டூசி ஒன்றை மறைத்துவைத்துக்கொண்டு கைகொடுத்தார். குத்தியது. சற்று நேரத்தில் அந்த அம்மாளுக்கு அது மறந்துபோயிற்று. அப்புறம் மறுபடி கை நீட்டினால் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, கையை இழுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா என்றார். விடாமல் கேட்டதற்கு, சில பேர் கையில் ஊசி ஒளித்துவைத்திருப்பார்கள் என்றார். அது எப்படித் தெரியும் என்றால், சும்மா தோன்றியது.

1911இல் எழுதினார். இன்று இப்படி ஒரு சோதனையை நடத்தினால் வைத்தியர் வேலை போய்விடும்.

மொலேசன் ஆச்சரியப்பட்டார். இந்த அம்மாள் அதற்கு மேல் ஒருபடி போய்க் காரணமும் சொன்னார். இழுத்தது கை. எதற்கு இழுத்தது என்று வாய்க்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய்க்குத் தெரியவில்லை.

*

வாயின் இந்தக் குணத்தை இன்னும் பச்சையாகக் காட்டிய பையன் ஒருவன் உண்டு, பி.எஸ். அமெரிக்காவின் வெர்மான்ட் பக்கம். வலிப்பை நிறுத்துவதற்காக மூளையின் இரண்டு பாதியையும் இணைக்கிற நரம்புக் கற்றையைத் துண்டித்திருந்தார்கள். இப்படித் துண்டித்தவர்களை ஆராய்ந்துதான் ரோஜர் ஸ்பெர்ரி 1981இல் நோபல் பரிசு பெற்றார். பி.எஸ்ஸைச் சோதித்தவர் ஸ்பெர்ரியின் மாணவர் மைக்கேல் கஸ்ஸானிகா, கூடவே ஜோசஃப் லெடூ, 1970களில்.

திரையின் வலப்பக்கம் தெரிவது இடது மூளைக்குப் போகும், பேச்சு அங்கேதான். இடப்பக்கம் தெரிவது வலது மூளைக்குப் போகும்; அதற்குப் பேசத் தெரியாது, ஆனால் இடது கை அதன் பேச்சைக் கேட்கும். பையனுக்கு வலப்பக்கம் ஒரு கோழிக்கால் படம், இடப்பக்கம் பனி மூடிய வீடு, ஒரு கண்சிமிட்டல் நேரம். பிறகு பல படங்களைப் பரப்பி, பார்த்ததற்குப் பொருத்தமானதைத் தொடு என்றார்கள். வலது கை கோழியைத் தொட்டது. இடது கை மண்வாரியைத் தொட்டது. பனியை அள்ள மண்வாரிதானே வேண்டும். இரண்டு கையும் சரி.

ஏன் இவை இரண்டும் என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியது இடது மூளை. அது பனியைப் பார்க்கவே இல்லை. எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பையன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை: கோழிக்காலுக்குக் கோழி, கோழிக்கூட்டைச் சுத்தம் பண்ண மண்வாரி!

கஸ்ஸானிகா இந்தப் பகுதிக்கு 'விளக்கம் சொல்பவர்' என்கிற பொருளில் ஒரு பெயர் வைத்தார். எனக்கு அது எங்கள் தாத்தா காலத்துக் கணக்குப்பிள்ளையாகத் தெரிகிறது. வரவு செலவு எதுவும் அவர் கையில் இல்லை. கொடுப்பதும் வாங்குவதும் வேறு யாரோ. அந்தி சாய்ந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, காதில் விழுந்ததை வைத்து, பேரேட்டில் ஒரு ரூபாய் பிசகாமல் நேர் பண்ணிவிடுவார். அதில் பொய் இருக்கிறது என்று அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தான் எழுதியதை முதலில் நம்புகிறவர் அவர்தான்.

*

வலிப்புக்காரர்கள், மூளை அறுபட்டவர்கள், நமக்கென்ன என்று தோன்றலாம். 1977இல் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோத்தி வில்சனும் எழுதிய ஒரு கட்டுரையில் கடை ஒன்று வருகிறது. நாலு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வருகிற போகிறவர்களைக் கேட்டார்கள். நாலும் ஒன்றே, அச்சு அசல். ஆனால் வலது ஓரத்தில் இருந்ததை, இடது ஓரத்தில் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்குப் பேர் எடுத்தார்கள். ஏன் என்றால் பின்னல் நன்றாக இருக்கிறது, இழை மெல்லிசு என்று பதில். ஓரத்தில் இருந்ததால் எடுத்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. வைத்த இடம் காரணமாக இருக்குமோ என்று நேரடியாகக் கேட்டபோது, கேட்டவரைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்களாம்.

புடவைக் கடையில் பாயில் உட்கார்ந்து முப்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லி, கடைசியில் முதலில் பார்த்த புடவையையே எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிற கூட்டத்தோடு நான் பலமுறை போயிருக்கிறேன். "பார்டர் எடுப்பா இருக்கு." பார்டர் எடுப்பாக இருக்கும் இன்னும் ஏழு பக்கத்திலேயே கிடக்கும். பிரித்துப் போடுகிற பையன் மட்டும் ஒன்றும் பேசாமல் மடித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு ஏதோ தெரியும்.

*

சைவ சித்தாந்தத்தில் தத்துவம் முப்பத்தாறு. அதில் முதல் வகுப்பு இருபத்துநாலு: பூதம் ஐந்து, தன்மாத்திரை ஐந்து, கண் காது முதலான அறிகருவி ஐந்து, கை கால் முதலான செய்கருவி ஐந்து, அந்தக்கரணம் நாலு. இந்த நாலில்தான் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் எல்லாம் வருகின்றன.

சிறு வயதில் தேவார வகுப்பில் மனப்பாடமாக ஒப்பித்தபோது இதில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது பார்த்தால் மனதையும் கையையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கரணம் என்றால் கருவி. மண்வெட்டி மாதிரி. மனம் பற்றும், சித்தம் சிந்திக்கும், புத்தி நிச்சயிக்கும். அகங்காரம் 'நான்' என்று எழுந்து நிற்கும். அப்போது 'நான்' என்பதே ஒரு சாமான்தான், சொந்தக்காரன் வேறெங்கோ. சொந்தக்காரன் இருக்கிறானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, பட்டியலில் சந்தேகமில்லை. கணக்குப்பிள்ளையை இத்தனை நூற்றாண்டு முன்னமேயே கருவிகளோடு சேர்த்து எழுதிவிட்டார்கள்.

*

கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்று ஒருவர். ஃப்ராய்டை ஒருநாளும் நேரில் பார்க்காமல் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். எந்த ஆசைக்கு அடியிலும் அதன் எதிர் ஆசை படுத்திருக்கிறது என்பது அவர் கட்சி. வியன்னாவோடு பல ஆண்டு கடிதப் போக்குவரத்து. ஃப்ராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு, 1931இல், கல்கத்தாச் சங்கத்திலிருந்து தந்தத்தில் செய்த ஒரு விஷ்ணு போனார். அவரைத் தன் மேஜைமேல் நிற்கவைத்துக்கொண்டார் ஃப்ராய்ட். போஸின் கருத்துகளுக்கு அந்த அளவு இடம் கொடுத்தாரா என்றால் இல்லை. சிலையை ஏற்றுக்கொள்வது சுலபம்.

*

மனைவியின் ஊரில் முளைப்பாரித் திருவிழா. ஐந்தாறு வருடம் முன்பு. கூட்டத்தில் ஒரு சித்தி, நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் அவர் குரலை நான் கேட்டதே கிடையாது. பெரியவர்கள் இருக்கிற அறைக்குள் வரும்போது முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் வருவார். உடுக்கைச் சத்தம் ஏற ஏற அவர் நின்ற இடத்திலேயே முதலில் பாதம் மட்டும் ஆடியது. பிறகு முழங்கால். கொண்டை அவிழ்ந்து விழுந்ததும் கூட்டம் விலகி வட்டம் போட்டது. நேராகப் போய் மூத்தாருக்கு எதிரே நின்றார், புருஷனின் அண்ணன். "வடக்கு மூலைக் காட்டை எவனக் கேட்டுடா வித்த?" 'டா' போட்டார். ஊரே கைகட்டி நிற்கிறது. அந்தப் பெரிய மனிதர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தப்புத்தான் தாயி, மன்னிச்சுக்க" என்றார். எலுமிச்சம்பழம் கொடுத்து, திருநீறு பூசி, தண்ணீர் தெளித்து மலையேற்றினார்கள்.

மறுநாள் காலையில் அதே சித்தி அதே மூத்தாருக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். முந்தானை இழுத்துப் போர்த்தியிருந்தது. அடுக்களையில் என் மனைவியிடம், "கழுத்தெல்லாம் வலிக்குதுடி. நேத்து ரொம்ப ஆடிட்டேனாக்கும்? என்னத்தச் சொன்னேன்?" என்று கேட்டாராம். வடக்கு மூலைக் காடு வித்தது வித்ததுதான். ஆனால் அடுத்த விற்பனைப் பத்திரத்தில் புருஷனின் கையெழுத்தையும் கேட்டு வாங்கினார்கள் என்று பிறகு தெரிந்தது.

நடிப்பு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை. அம்மன்தான் என்று சொல்லவும் வரவில்லை. அந்தப் பாதம் ஆடிய விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

*

இதோடு சினிமாவைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2005இல் ஏப்ரலில் 'சந்திரமுகி', ஜூனில் 'அந்நியன்'. அந்த வருடம் டீக்கடையில்கூட ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி பேசினார்கள். ஒரே உடம்பில் முழுசு முழுசாக இரண்டு மூன்று ஆள், தனித்தனிச் சட்டை, தனித்தனி நடை.

இந்தக் கற்பனையின் பூர்வீகம் அமெரிக்கா. 1973இல் 'சிபில்' என்ற புத்தகம்: பதினாறு ஆளுமைகள் கொண்ட ஒரு பெண். உண்மைக் கதை என்று விற்றது, லட்சக்கணக்கில். அதன்பிறகு அந்த நாட்டில் இதே நோய் என்று வந்தவர்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஆனால் அந்தப் பெண் 1958லேயே தன் மருத்துவருக்குக் கடிதம் எழுதியிருந்தார், இந்த ஆளுமைகளெல்லாம் நானாகக் காட்டியது என்று. மருத்துவர் ஏற்கவில்லை, சிகிச்சைக்கு நோயாளி காட்டும் எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டார். மயக்க ஊசி வேறு போட்டுக்கொண்டிருந்தார். யார் கணக்குப்பிள்ளை, யார் முதலாளி என்றே இந்த விவகாரத்தில் சொல்ல முடியாது. நோய் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சின்ன வயதில் பட்ட அடியால் பிளவுபட்டவர்கள் இருக்கிறார்கள், மருத்துவர்கள் வேறு பெயரில் அதை இன்றும் வைத்திருக்கிறார்கள். பதினாறு சட்டைதான் இடிக்கிறது.

*

ஃபினியஸ் கேஜ் என்ற ரயில் பாதைத் தொழிலாளி பற்றியும் ஒரு வரி. 1848 செப்டம்பர் 13, ரயில் பாதைக்குப் பாறை வெடிக்கையில், 3 அடி 7 அங்குல நீளமும் 6 கிலோ எடையும் உள்ள கம்பி இடது கன்னத்துக்குக் கீழ் நுழைந்து உச்சந்தலை வழியே போய்விட்டது. ஆள் எழுந்து உட்கார்ந்து மாட்டுவண்டியில் ஊருக்கு வந்தார். பிறகு ஆளே மாறிவிட்டார், வாயில் கெட்ட வார்த்தை, பொறுப்பில்லை என்று அவருடைய மருத்துவர் ஹார்லோ எழுதியதோடு எல்லாப் புத்தகமும் கதையை முடித்துவிடும். அதற்குப் பிறகு அவர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரைக் கோச்சு ஓட்டியதைச் சொல்ல மாட்டார்கள். மலைப்பாதையில், கடிவாளங்களைத் தனித்தனியாக விரலிடுக்கில் பிடித்து, பயணிகளை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. பொறுப்பில்லாதவனிடம் கொடுக்கிற வேலையா அது?

கதை எழுதுபவர்களுக்குள்ளும் ஒரு கணக்குப்பிள்ளை. நேர் ஆகாத வருடங்களைப் பேரேட்டில் ஏற்றுவதில்லை.

*

மழை. மின்சாரம் இல்லை. பெரியம்மா, "வெளக்கு வைக்கிற நேரம்" என்றார். மணி மூணு.

*

2010இல் அயோவாவில் ஒரு ஆராய்ச்சி. ஹிப்போகாம்பஸ் கெட்டுப்போய் நினைவு தங்காத சிலருக்குச் சோகமான படத்துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். அழுதார்கள். சற்று நேரம் கழித்துக் கேட்டால், என்ன பார்த்தோம் என்று தெரியவில்லை. படம் பார்த்ததே சிலருக்குத் தெரியவில்லை. ஆனால் சோகம் போகவில்லை. காரணம் போன பிறகும் உணர்ச்சி அப்படியே உட்கார்ந்திருந்தது.

மெழுகுப் பலகை.

*

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இரண்டு நாளாக நோட்டைத் தொடவில்லை.

வியாழக்கிழமை காலை, அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பெரியம்மா சட்டையைப் பிடித்துக்கொண்டு "பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். எந்த பஸ்? அவர் போக ஊரும் இல்லை, அங்கே ஆளும் இல்லை. சொன்னேன். மறுபடி கேட்டார். பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். கடைசியில் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். கையை உதறினேன். அவர் சுவரோரமாக நகர்ந்து நின்றார். நான் செருப்பை மாட்டுவதற்குள், எதுவும் நடக்காததுபோல, "தம்பி யாரு வீட்டுப் பிள்ளை?" என்றார். மறந்துவிட்டார், நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

அன்றைய தேதியில் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: 'ராத்திரி சரியாகத் தூக்கமில்லை.' புதன்கிழமை ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினவன்.

சாயங்காலம் வந்தபோது பெரியம்மா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வழக்கமாக நான் வந்தால் யாரென்று தெரியாவிட்டாலும் நகர்ந்து இடம் விடுவார். அன்றைக்கு நகரவில்லை. பக்கத்தில் டம்ளர், காபி ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. காலையிலிருந்தே இப்படித்தான் இருக்கிறார், ஒன்றும் சாப்பிடவில்லை என்றார் பகலில் பார்த்துக்கொள்கிற அக்கா.

"என்ன பெரியம்மா, கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல."

"அப்புறம் ஏன் குடிக்கல?"

கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார்.

"காபில சக்கரை இல்ல."

எடுத்துக் குடித்துப் பார்த்தேன். பாகாக இனித்தது.